சட்டைப்பைப் பள்ளிக்கூடம்

பால்டிமோர் நகரத்துக் கப்பல் கட்டும் துறை. தச்சர்கள் மரத்தை அறுக்கின்றனர், இழைக்கின்றனர். கப்பலின் எப்பகுதிக்கு உரியது என்பதை மறவாதிருக்க ஒவ்வொரு துண்டின்மீதும் ஓரெழுத்தைப் பொறித்து வைக்கின்றனர். இடப்புறத்துக்கு உரியதாயின் 'எல்'. வலப்புறத்துக்கு உரியதாயின் 'எஸ்'. அங்கே ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். அவனை அனுப்பியது வேலைக்கு. அவனது கண்ணோ மரத்தின்மீது இல்லை, மரத்திலுள்ள எழுத்தின்மீது இருக்கிறது. தச்சர்கள் உணவுக்குச் சென்றதும் அந்த எழுத்தை அப்படியே எழுதிப் பார்க்கிறான். சுவரும் வேலியும் நடைபாதைக் கல்லும் அவனுக்குக் குறிப்பேடு. சுண்ணக்கட்டி அவனது எழுதுகோல்.

அந்தச் சிறுவன்தான் பிரடெரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தளையறுத்துத் தப்பி, 1845-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி உலகை உலுக்கிய அறிஞன். அவனுக்கு முதலில் எழுத்தறிவித்தவள் வீட்டுத் தலைவி. அதனைக் கண்ட தலைவன் கடிந்தான், தடுத்தான். படித்த அடிமை அடிமையாக நீடிக்க மாட்டான் என்ற உண்மை ஆண்டைக்குத் தெரியாதா, என்ன! கதவு சாத்தப்பட்டது. சிறுவன் சோரவில்லை. எழுத்துக்கூட்டும் சிறு நூல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தெருவிலே திரியும் வெள்ளைக்கார ஏழைச் சிறுவர்களிடம் ரொட்டித் துண்டைக் கொடுத்தான், பாடத்தைப் பெற்றான். அவர்களுக்கு வயிற்றுப் பசி, இவனுக்கு அறிவுப் பசி!

கைப்பேசி வழியே கல்வி என்பது பற்றி எழுத முனைந்த நான், கைப்பேசியே இல்லாத காலத்துக் கதையை ஏன் சொல்லுகிறேன்? காரணம் உண்டு, தோழர்களே! அந்தக் கதையிலே மூன்று பொருள்கள் உள. சட்டைப்பையில் அடங்கும் கருவி ஒன்று. கேட்டால் விடை சொல்ல எதிரே நின்ற மனிதர் இரண்டு. கூடாது என்று தடுத்த கை மூன்று. கையடக்கக் கல்வியின் வரலாறு முழுவதையும் புரட்டிப் பாருங்கள். இம்மூன்றும் மாறி மாறி வருவதைக் காண்பீர்கள். கருவியை மட்டும் கண்டு மயங்கியோர் ஏமாந்தனர். எதிர்முனையில் மனிதரை நிறுத்தியோர் வென்றனர். தடுத்தவர் யார், எவரைத் தடுத்தனர் என்று கேட்டோர் உண்மையை உணர்ந்தனர்.

மணலும் ஏடும்

அறிவு ஒரு காலத்தில் அசையாப் பொருள். ஐரோப்பிய மடங்களிலே பெரிய ஏடுகளைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தனர். படிக்க வேண்டுமா? ஏடு இருக்குமிடத்துக்கு நீ வா; வாயிற்காவலன் விட்டால் படி! இந்த நிலையை மாற்றிய பெருமையில் வெனிஸ் நகரத்து அச்சகத்தார் ஆல்டஸ் மனூசியஸ் என்பவருக்கு ஒரு பங்குண்டு. 1501-ல் அவர் பழம்பெரும் இலக்கியங்களைக் கையடக்கமான சிறு நூல்களாக அச்சிடத் தொடங்கினார். ஏடு மேசையிலிருந்து இறங்கிற்று, பயணியின் பையிலே ஏறிற்று.

மற்றொரு காட்சி நம்முடைய எழும்பூரிலே நடந்தது. 1789-ல் அங்கே படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லம் ஒன்றின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்றார். சென்னையில், உள்ளூர்ப் பள்ளியொன்றின் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், காசும் வேண்டாம்! அம்முறையைத் தம் இல்லத்திலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகஞ்சுளித்தனர். மணலில் எழுதிக் கற்பிப்பதா என்று தயங்கினர். பெல் தயங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கி, அவனைக் கொண்டே சின்னஞ்சிறார்க்கு எழுத்தறிவித்தார். அந்தப் பட்டறிவை 1797-ல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது கடல் கடந்து பரவிற்று.

எழும்பூர் மணலிலே கிடைத்த பாடம் இரண்டு. கருவி எளியதாயின் கல்வி பரவும் என்பது ஒன்று. மணல் தானாகக் கற்பிக்கவில்லை, மணலருகே ஒரு சிறுவன் அமர்ந்து கற்பித்தான் என்பது மற்றொன்று. முதற் பாடத்தை உலகம் நன்றாக நினைவில் வைத்தது. இரண்டாவதை அடிக்கடி மறந்தது. மூன்றாவது ஒன்றையும் நாம் மறக்கலாகாது: மணல் எல்லார்க்கும் பொது, ஆனால் மணல் பரப்பிய திண்ணையோ எல்லார்க்கும் பொதுவாக இல்லை. தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் திண்ணையில் ஏற இயலவில்லை. மலிவான கருவி மட்டுமே சமத்துவம் ஆகிவிடாது என்பதற்கு அந்தத் திண்ணையே சான்று.

அட்டையில் செய்த கனவு

இனி நம் காலத்துக்கு வருவோம். கணிப்பொறி என்றால் அறை நிறைய நிற்கும் பூதம் என்றிருந்த நாள். 1968-ல் அமெரிக்க இளைஞர் ஆலன் கே, கணித அறிஞர் சேமர் பேப்பர்ட்டின் பணியைக் காணச் சென்றார். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவிலே பிறந்து, அங்கே நிறவெறியை எதிர்த்தவர். ஜெனிவாவில் குழந்தை உளநூல் அறிஞர் பியாஜேயிடம் பணியாற்றியவர். சிறுவர் சிறுமியர் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் காட்சியை ஆலன் கே அங்கே கண்டார். குழந்தையைக் கணிப்பொறி பழக்கவில்லை, கணிப்பொறியைக் குழந்தை பழக்கிற்று! அவர் நெஞ்சிலே ஒரு பொறி பறந்தது.

ஏட்டைப்போல் கையிலெடுத்துச் செல்லத்தக்க கணிப்பொறி ஒன்று குழந்தைகளுக்காக ஏன் கூடாது? அட்டையால் ஒரு மாதிரி செய்தார். எவ்வளவு எடையிருந்தால் தூக்க முடியும் என்றறிய அதனுள் ஈயக் குண்டுகளை நிரப்பிப் பார்த்தார். 1972-ல் கட்டுரையாக எழுதினார். அதிலே இரண்டு குழந்தைகள், ஒன்பது வயதினர், பூங்காவின் புல்தரையில் படுத்தபடி கையடக்கக் கணினியில் விண்வெளிப் போர் விளையாடுகின்றனர். கதிரவனின் ஈர்ப்பு விசையையும் ஆட்டத்திலே சேர்த்தால் என்ன என்ற எண்ணம் எழுகிறது. எப்படிச் சேர்ப்பது? அவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுகின்றனர்? தம் ஆசிரியரிடம்!

வருங்காலக் கருவியைக் கனவு கண்டவரே அக்கனவினுள் ஓர் ஆசிரியரை வைத்திருந்தார். அன்றைய தொழில்நுட்பத்தால் அக்கருவியைச் செய்ய முடியவில்லை. 1973-ல் அவர் பணியாற்றிய ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஆல்டோ' கணினியை, அது வரும்வரையிலான இடைக்கால ஏற்பாடு என்றே அவர் கருதினார். கனவு காத்திருந்தது. காத்திருந்த காலத்தில், கனவிலிருந்த ஆசிரியரைச் சிலர் கழற்றிவிட்டனர்.

வானத்திலிருந்து வருமா?

2005-ஆம் ஆண்டு. டாவோஸ் நகரிலே உலகச் செல்வர் கூடும் மாநாடு. மசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபாண்ட் அறிவித்தார்: ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர்! அந்த நவம்பரில் துனிஸ் நகரத்து மாநாட்டில் மாதிரி காட்டப்பட்டது. மின்சாரமில்லாத ஊரிலும் கையால் சுழற்றி மின்னூட்டலாம் என்று ஒரு கைப்பிடி வைத்திருந்தனர். ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் ஆர்வத்தோடு சுழற்றினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது!

நல்லெண்ணத்தை நாம் நகைக்க வேண்டியதில்லை. ஏழைக் குழந்தையும் கணினி தொட வேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் அந்த நோக்கத்தினுள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது: கருவியைக் கொடுத்துவிட்டால் போதும், குழந்தை தானே கற்கும், ஆசிரியர் இல்லாவிடினும் குறையில்லை என்ற நம்பிக்கை. 2011-ல் நெக்ரோபாண்ட் ஒருபடி மேலே சென்று, எட்டாத ஊர்களில் ஹெலிகாப்டரிலிருந்து கணினிகளைப் போட்டுவிட்டு வரலாம் என்றார். வானத்திலிருந்து பூமாரி பொழிந்த கதைகளைப் புராணத்திலே படித்திருக்கிறோம். இருபத்தோராம் நூற்றாண்டில் கணினிமாரி! நாம் எந்த மாரியையும் அளந்து பார்க்கும் கூட்டத்தார் அல்லவா? அளந்தே பார்ப்போம்.

தென்னமெரிக்காவில் பெரு நாடு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிற்று. ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளிகள் 319-ஐ ஆராய்ந்து, அமெரிக்கக் கண்ட நாடுகளின் வளர்ச்சி வங்கியினர் 2012-ல் முடிவை வெளியிட்டனர். பொதுவான அறிவுத்திறனில் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றத்துக்கு அடையாளமே இல்லை. பள்ளிகளிலே இணைய இணைப்பு அரிதாகவே இருந்தது. கற்பிப்பவருக்குப் பயிற்சியும் போதவில்லை. பெட்டி வந்தது, பெட்டியைத் திறந்து பாடமாக்கும் கை வரவில்லை.

அதே கண்டத்திலே, அதே கருவியைக் கொண்டு, உருகுவே வேறு வழி சென்றது. 2007-ல் தொடங்கி, 2009-க்குள் அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அனைவர்க்கும் கணினி கொடுத்தது. கொடுத்ததோடு நில்லாது பள்ளிகளை இணையத்தால் இணைத்தது. ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் போதாத நிலையில், 2012 முதல் தொலைவிலுள்ள ஆசிரியரைக் காணொளி வழியே வகுப்புக்குள் கொண்டுவந்தது. வகுப்பாசிரியர் குழந்தைகளுடன் இங்கே, மொழியாசிரியர் திரையிலே அங்கே. கருவிக்குப் பின்னால் ஒரு மனிதரை நிறுத்துவது எத்துணைப் பெரிய வேலை என்பதை உருகுவே உணர்ந்திருந்தது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது, நினைவிலே வைக்கத்தக்கது. பெங்களூர் அறிவியலாளர் சிலர் 'சிம்பியூட்டர்' என்ற கையடக்கக் கணினியை வகுத்தனர். 2004-ல் அது விற்பனைக்கு வந்தது. எழுத்தறியாதவருக்கு இந்திய மொழியில் படித்துக்காட்டும் ஏற்பாடு அதில் இருந்தது. அதனினும் சிறப்பு, ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்பது. அவரவர் கையிலே ஒரு சிறு அட்டை. அட்டையைச் செருகினால் அவரவர் கணக்கு திறக்கும். ஊர்க் கிணறுபோல் ஊர்க் கணினி! ஆனால் விலை ஏறத்தாழ 10,000 ரூபாய். கைப்பேசி விலை விழுந்துகொண்டிருந்த காலம். விற்றவை சில ஆயிரங்களே. கருவி மறைந்தது. ஆனால் அதன் கருத்து, பொதுவுடைமையாக ஒரு கருவி என்ற அந்தக் கருத்து, மறையத்தக்கதன்று.

கணக்கு எதற்கு என்று கேட்ட நாட்டில்

தென்னாப்பிரிக்கா. 1953-ல் அங்கே கறுப்பின மக்களுக்கென்று தாழ்ந்த தரத்துக் கல்வியைச் சட்டமாக்கினர். கறுப்பினக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து என்ன பயன் என்று கேட்டார் அத்துறையின் அமைச்சர் வெர்வூர்ட். குலத்துக்கொரு தொழில், தொழிலுக்கேற்ற அறிவு என்று பேசும் குரலை நாம் கேட்டதில்லையா? தோலின் நிறம் வேறு, நாடு வேறு, குரல் ஒன்றுதான்! நிறவெறி ஆட்சி 1994-ல் ஒழிந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகள் கணக்கைப் பூட்டி வைத்த நாட்டில், கணக்கு ஆசிரியர் ஒரே நாளில் முளைத்துவிடுவாரா?

2007-ல் பிரிட்டோரியாவில், அரசு அறிவியல் ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த மெராக்கா நிறுவனத்திலே, லாரி பட்கெரைட் என்ற பெண்மணி ஒரு சிறு தொண்டினைத் தொடங்கினார். அந்நாட்டு இளைஞரிடையே 'மிக்ஸிட்' என்ற அரட்டைச் செயலி அன்று பரவியிருந்தது. சாதாரணக் கைப்பேசியிலே இயங்கும். குறுஞ்செய்திக் கட்டணத்தை நோக்க அதன் செலவு மிகச் சிறிது. பிள்ளைகள் வீண் அரட்டையில் கெடுகின்றனர் என்று பெரியோர் புலம்பிய செயலி அது. பட்கெரைட் புலம்பவில்லை. பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்துக்கே கணக்கை அனுப்பினார். 'டாக்டர் மேத்' என்று அதற்குப் பெயர்.

எப்படி நடந்தது? வீட்டுக்கணக்கிலே சிக்கிய மாணவர், கைப்பேசியில் தம் ஐயத்தைத் தட்டி அனுப்புவார். மறுமுனையிலே பிரிட்டோரியாப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் சமூகத் தொண்டாக அமர்ந்திருப்பார்கள். விடையைத் தூக்கிக் கொடுக்காமல், அடுத்த படி என்ன என்று கேட்டுக் கேட்டு வழிகாட்டுவார்கள். கேட்பவர் யார், எந்தத் தெரு, எந்த நிறம் என்பது விடை சொல்பவருக்குத் தெரியாது. விடை சொல்பவர் யாரென்பதும் கேட்பவருக்குத் தெரியாது. நடுவிலே நிற்பது கணக்கு ஒன்றே! கையளவில் தொடங்கிய அத்தொண்டு பல்லாயிரம் மாணவர்க்குப் பயன்பட்டது. எவரைக் கணக்கு அண்டக்கூடாது என்று வெர்வூர்ட் எண்ணினாரோ, அவருடைய பேரப்பிள்ளைகள் பேருந்திலே போகும்போதும் இயற்கணிதம் கேட்டனர்.

மிக்ஸிட் நிறுவனம் 2015-ல் தொழிலை நிறுத்தியது. இதுவும் ஒரு பாடம். தனியார் நிலத்திலே கட்டிய பள்ளிக்கூடம், நிலக்காரர் நினைத்த நாளிலே காலி செய்ய வேண்டிய பள்ளிக்கூடம்.

ஊர்ச் செவிலி கேட்ட பாடம்

கல்வி பள்ளியோடு முடிவதில்லை. கப்பல் துறையிலே தச்சனின் எழுத்தைக் கற்ற சிறுவனை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். உழைக்குமிடமும் ஒரு பள்ளிக்கூடமே.

2005 முதல் இந்தியாவின் சிற்றூர்களிலே 'ஆஷா' என்ற பெயரால் பெண் நலப்பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். கருவுற்ற தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், குழந்தைக்குத் தடுப்பூசி போடுமாறு வீடு வீடாகச் சென்று சொல்வதும் அவர்கள் வேலை. தாய்க்கும் சேய்க்கும் உயிர்க்காவல்! ஆனால் அவர்களுக்கு நிலைத்த ஊதியமில்லை. ஊக்கத்தொகை என்று பெயர் வைத்தனர். பயிற்சிக்கு அழைத்தால் வீட்டை விட்டுச் செல்வதும் எளிதன்று. பலர் பள்ளியிலே சில வகுப்புகளே படித்தவர்.

2012-ல் பீகார் மாநிலத்தில், அரசோடு இணைந்து, பி.பி.சி. மீடியா ஆக்ஷன் அமைப்பினர் 'மொபைல் அகாடமி' என்ற பாடத்தை ஏற்படுத்தினர். திரை தேவையில்லை, இணையம் தேவையில்லை, எந்த மலிவான கைப்பேசியும் போதும். எண்ணைச் சுழற்றினால் ஒரு மருத்துவரின் குரல் பேசும். பிறப்புக்கு முன் என்ன செய்வது, பிறந்த குழந்தையை எப்படிக் காப்பது, குடும்பக் கட்டுப்பாட்டை எப்படி எடுத்துரைப்பது என்பனவெல்லாம் சிறு சிறு பாடங்களாக வரும். நடுநடுவே வினா கேட்கும். பொத்தானை அழுத்தி விடை சொல்ல வேண்டும். சமைத்துக்கொண்டே கேட்கலாம், வயலோரம் நடந்துகொண்டே கேட்கலாம். விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். முடித்துத் தேறியோருக்குச் சான்றிதழ். 2016-ல் நடுவணரசு இதனை ஏற்று மற்ற மாநிலங்களுக்கும் விரிக்கத் தொடங்கிற்று; கேட்போருக்குக் கட்டணமில்லை.

இங்கே கருவியின் ஆடம்பரம் சிறிதுமில்லை. எவர் கையிலே எது இருக்கிறது என்று முதலிலே கேட்டனர், அதற்கேற்பப் பாடத்தை அமைத்தனர். ஆயினும் ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. அறிவைக் கைப்பேசியில் அனுப்பிய நாடு, ஊதியத்தை அதே வேகத்தில் அனுப்பவில்லை. நிலைத்த ஊதியம் வேண்டி அப்பெண்கள் இன்னும் வீதிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றனர். உழைப்பவருக்குப் பாடம் சொல்லுவது நன்று. அப்பாடம் உழைப்புக்குரிய கூலிக்கு ஈடாகாது.

ஒரு வீடு, ஒரு கைப்பேசி

2020 மார்ச்சு மாதம். தொற்று நோய் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை ஆராய்ச்சிக் கூடத்தாரும் அறிஞரும் விவாதித்த கைப்பேசிக் கல்வி, ஒரே நாளில் கட்டளையாயிற்று. இனி வகுப்பு கைப்பேசியில்!

நான் அப்போது ஆசிரியப் பயிற்சி மாணவன், ஊரிலே இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் வீடு. பிள்ளைகள் மூவர், கைப்பேசி ஒன்று. வேலை எங்கே என்று மேஸ்திரி அழைப்பது அதிலேதான். ஆகையால் காலை ஆறு மணிக்கு அது தந்தையோடு புறப்படும். இரவு ஏழு மணிக்குத் திரும்பும். வகுப்போ காலை பத்து மணிக்கு! இரவிலே, மின்னூட்டம் குறைந்த கருவியை முதலில் கையிலெடுப்பவன் மூத்த மகன், அடுத்து இளையவன், இருவரும் உறங்கிய பிறகு எட்டாம் வகுப்புப் படித்த மகள். அவள் பகலில் எங்கள் திண்ணைக்கு வருவாள். "அண்ணா, இன்னைக்கு என்ன பாடம் அனுப்பியிருக்காங்க?" என்பாள். என் கைப்பேசியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். எழுதியதை விளக்கச் சொல்லிக் கேட்பாள். கருவி தந்தது படத்தை. ஐயம் தீர்த்தது திண்ணை.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2021-ல் ஊர்ப்புறங்களில் எடுத்த 'அசர்' கணிப்பின்படி, பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் அறிதிறன் கைப்பேசி இருந்தவை 67.6 விழுக்காடு, 2018-ல் அது 36.5 விழுக்காடே. மூன்றாண்டில் இரு மடங்காக நெருங்கியது! கடன் வாங்கியும் கைப்பேசி வாங்கிய பெற்றோர் எத்தனை பேரோ! ஆனால் அதே கணிப்பு மற்றொன்றையும் சொல்லிற்று. வீட்டிலே கைப்பேசி இருந்தும், அதனைத் தொடவே வாய்ப்பில்லாத பிள்ளைகள் நால்வருள் ஒருவர். வீட்டில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. வீட்டுக்குள்ளேயும் ஒரு மேல் கீழ் உண்டு. அதன் கடைசிப் படியிலே நிற்பவள் பெரும்பாலும் பெண்.

2021 அக்டோபரில் தமிழ்நாட்டிலே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, இழந்த பாடத்தை ஈடுசெய்ய அரசு நாடியது கருவியை அன்று; மாலை வேளையிலே தெருவில் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திய தன்னார்வலர்களை. படித்த பெண்கள் பல்லாயிரவர் முன்வந்தனர். எழும்பூர் மணலின் இரண்டாவது பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது போலும்!

தடுப்பவர் யார், தடுக்கப்படுபவர் யார்?

இப்போது காற்று மறுபக்கம் வீசுகிறது. பிரான்சு 2018-லேயே பள்ளிக்குள் கைப்பேசிக்குத் தடை விதித்தது. யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட அறிக்கை, பக்கத்திலே கைப்பேசி இருப்பதே மாணவரின் கவனத்தைச் சிதறடிக்கிறது என்றும், கருவி எவருடைய நலனுக்காக என்று நாடுகள் கேட்க வேண்டும் என்றும் எச்சரித்தது. பிரேசில், தென்கொரியா முதலான நாடுகள் 2025-ல் சட்டமே இயற்றின.

இதனை முழுவதும் பிற்போக்கு என்று தள்ள நான் துணியேன். வகுப்பிலே நிற்பவன் நான். மேசைக்கடியில் ஒளிரும் திரையை அறிவேன். ஒரு முறை சிதறிய கவனம் மீண்டு வர எவ்வளவு நேரமாகிறது என்பதையும் அறிவேன். பிள்ளையின் விழியை விடாமல் பிடித்து வைத்திருப்பதற்கென்றே ஊதியம் பெறும் வல்லுநர்கள் எங்கோ அமர்ந்து அச்செயலிகளைச் செய்கின்றனர். டக்ளசைத் தடுத்தவன் அறிவு வந்துவிடுமே என்று தடுத்தான். இன்று தடுக்கும் ஆசிரியர் பலர், அறிவு சிதறுகிறதே என்று தடுக்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் தடை யார்மீது விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? நியூயார்க் நகரப் பள்ளிகளிலே 2015 வரை கைப்பேசிக்குத் தடை இருந்தது. உலோகம் கண்டறியும் கருவி வாயிலிலே இல்லாத பள்ளிகளில், கண்ணுக்குத் தெரியாமல் பையில் வைத்திருந்தால் கேட்பாரில்லை. அக்கருவி நின்ற பள்ளிகளோ, ஏழைகளும் கறுப்பினத்தாரும் லத்தீன அமெரிக்க வழியினரும் மிகுந்த பள்ளிகள். அங்கே மாணவர் என் செய்தனர்? பள்ளிக்கருகே நின்ற வண்டியிலே, நாளொன்றுக்கு ஒரு டாலர் வாடகை கொடுத்துக் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றனர்! ஆண்டுக்கு 180 பள்ளி நாள், 180 டாலர்! விதி ஒன்று, வரி மட்டும் ஏழைக்கு. 2015-ல் அத்தடை நீங்கியது. 2025-ல் மாநிலச் சட்டத்தால் தடை திரும்பி வந்திருக்கிறது. இம்முறை எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவாக நடக்கிறதா என்பதை அங்குள்ள மக்கள் கண்காணிக்க வேண்டும்.

தடை ஒரு பக்கம். கொள்ளை ஒரு பக்கம். தொற்றுக் காலத்தில் 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022-ல் அறிவித்தது: பத்தில் ஏறத்தாழ ஒன்பது செயலிகள், குழந்தைகளின் உரிமையைப் பறிக்கும் அல்லது பறிக்கத்தக்க வகையிலே அவர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டின. பாடம் இலவசம் என்றார்கள். பிள்ளையே விலைப்பொருள் என்பதைச் சொல்லவில்லை!

நாம் கேட்க வேண்டுவது

நான் இன்று பணியாற்றும் பள்ளியின் ஆசிரியர் அறையிலே ஓர் அலமாரி உண்டு. பறிமுதல் செய்த கைப்பேசிகள் அதிலே கிடக்கின்றன. அதே அறையின் மேசைமீது பாடநூல். அதன் பக்கந்தோறும் கைப்பேசியால் பார்த்துப் படிக்கச் சொல்லும் கட்டக் குறியீடு! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பூட்டும் நிலை. வீட்டிலே தனக்கென்று கருவியுள்ள பிள்ளை மாலையில் பார்த்துக்கொள்கிறது. இல்லாத பிள்ளை எங்கே பார்க்கும்?

ஆகவே, கைப்பேசி வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. நாம் கேட்க வேண்டியவை வேறு. நூலகத்திலே நூல் இருப்பதுபோல், பள்ளியிலே பொதுக் கருவிகள் ஏன் இருக்கக்கூடாது? பிள்ளையின் சொந்தக் கைப்பேசி வகுப்புக்கு வெளியே நிற்கட்டும். பள்ளியின் பொதுக் கருவி, பாடவேளையிலே, ஆசிரியர் முன்னிலையில், எல்லார் கையிலும் சமமாக வரட்டும். பாடங்கள் இணையமின்றியும் இயங்கட்டும், தாய்மொழியிலே பேசட்டும். பிள்ளையைப் பற்றிய செய்தியை விற்கும் செயலி பள்ளி வாயிலைத் தாண்டலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கருவியின் மறுமுனையிலும் விடை சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவருக்கு உரிய ஊதியமும் இருக்க வேண்டும். கருவி வாங்கப் பணமுண்டு, ஆசிரியர் நியமிக்கப் பணமில்லை என்று எந்த அரசு சொன்னாலும், கணினிமாரி பொழிந்த பெரு நாட்டின் கணக்கை அதன் முன்னே வைப்போம்.

கல்லூரியை விட்டு வெளிவந்திருக்கும் தோழர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் கைப்பேசி ஒன்று, பிள்ளை மூவர் என்று விசாரியுங்கள். அந்த வீட்டு மகள் எந்நேரத்தில் படிக்கிறாள் என்று கேளுங்கள். வாரத்திலே இரண்டு மாலை உங்கள் கருவியையும் உங்கள் அறிவையும் திண்ணையிலே வையுங்கள்.

எங்கள் திண்ணையிலே எழுதிக்கொண்ட அந்தச் சிறுமி பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டாள். கணக்குப் பாடமே எடுத்துப் படித்தாள். சென்ற கோடையில் தெருவிலே கண்டேன். அவள் முன்னே நான்கு சிறுவர். அவர்கள் நடுவே அவள் தந்தையின் பழைய கைப்பேசி. திரையின் கண்ணாடி கீறியிருந்தது. பாடத்தை நிறுத்தி நிறுத்தி, அவள்தான் விளக்கிக்கொண்டிருந்தாள்.